திருப்பணிக்கு முன் பாலாலயம்: விளையாட்டில் ‘மோட்’ சேர்க்கும் முறை



ஆலயத்தில் திருப்பணி தொடங்குவதற்கு முன் பாலாலயம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூலவரின் சக்தியைக் கலசத்திலோ மரப்பலகையில் வரைந்த உருவத்திலோ எழுந்தருளச் செய்து, வேறோர் இடத்தில் வைத்துப் பூசையைத் தொடர்வார்கள். அதற்குப் பிறகுதான் ஸ்தபதி கோபுரத்தில் கை வைப்பார். வேலை எத்தனை மாதம் இழுத்தாலும் பூசை நிற்காது. எல்லாம் முடிந்து, சரி பார்த்து, கும்பாபிஷேகம்.

இந்த மாதப் பாடம் கணினி விளையாட்டைப் பற்றியது. அதை ஆலயத்தில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கிளையில் நான் நடத்தும் கணினி வகுப்புக்கு, “அண்ணே, மோட் போட்டேன், கேம் ஓபன் ஆகல” என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் செய்யாமல் விட்டது ஒன்றுதான்: நகல் எடுத்து வைக்காமலே உள்ளே கை வைத்துவிடுகிறார்கள். பாலாலயம் செய்யாமல் கருவறையை இடித்த கதை.

மோட் போடாதே என்று சொல்ல நான் வரவில்லை. முறையோடு போடுங்கள் என்பதுதான் பாடம். உதாரணத்துக்கு மைன்கிராஃப்ட்டை எடுத்துக்கொள்கிறேன். கணினியில் ஓடும் ‘ஜாவா எடிஷன்’ பற்றித்தான் பேசுகிறேன். ஸ்டார்டியூ வேலி, ஸ்கைரிம் என்று நீங்கள் எதை விளையாடினாலும் முறை ஏறக்குறைய இதுதான்.

மோட் என்றால் என்ன?

விளையாட்டைத் தயாரித்த நிறுவனம் அல்லாத வேறொருவர், அந்த விளையாட்டில் ஒரு மாற்றம் செய்ய எழுதிக் கொடுப்பதுதான் மோட். புதிய விலங்கு, புதிய கட்டடப் பொருள், வேகமாக ஓட வைக்கும் மாற்றம் என்று பல வகை. பெரும்பாலும் இலவசம். தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதிக் கொடுக்கும் ஆர்வலர்கள்தான் இதன் பின்னால் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மைன்கிராஃப்ட்டில் ‘ரிசோர்ஸ் பேக்’ என்று ஒன்று உண்டு. அது படங்களையும் ஒலிகளையும் மாற்றுவது. சுவருக்குப் புதுப் பெயின்ட் அடிப்பது மாதிரி. மோட் அப்படி இல்லை. ‘ஜார்’ என்று முடியும் அந்தக் கோப்புக்குள் இருப்பது முழுமையான நிரல். கேமைத் திறந்ததும், கணினியில் உங்களுக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. உங்களால் திறக்க முடிந்த கோப்பை அதாலும் திறக்க முடியும். உங்கள் பிரவுசரில் சேமித்து வைத்திருப்பதை அதாலும் படிக்க முடியும். மைன்கிராஃப்ட் அதைக் கூண்டில் அடைத்து வைப்பதில்லை.

ஆகவே மோட் போடுவது என்பது, முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பது போன்றது. வருகிறவர் நல்லவராக இருக்கலாம், பெரும்பாலும் நல்லவர்தான். ஆனால் வாசலில் யார் என்று கேட்கிற பழக்கம் நமக்கு இருக்க வேண்டும்.

அது யாருடைய கணினி?

நம்மில் பலர் வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினிதான். அதில்தான் அம்மா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். அக்காவின் பல்கலைக்கழக அசைன்மென்ட் அதில் இருக்கிறது. அப்பா ஆலய நிர்வாகத்தில் இருந்தால் ஆலயத்தின் வரவு செலவுக் கணக்கும் அதிலேயே இருக்கும். “என் கேம்தானே, போனா போகட்டும்” என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. போவது கேம் மட்டும் இல்லை.

2023 ஜூன் மாதம் நடந்ததைப் பாருங்கள். மைன்கிராஃப்ட் மோட்களுக்குப் பேர்போன ‘கர்ஸ்ஃபோர்ஜ்’ தளத்தில் சில கணக்குகள் வழியாக, மோட் கோப்புகளுக்குள் திருட்டு நிரல் ஒன்று நுழைக்கப்பட்டது. ‘ஃபிராக்சரைசர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் அது தாக்கியது. பிரவுசரில் இருந்த உள்நுழைவு விவரங்கள், டிஸ்கார்ட், மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் விவரங்கள் ஆகியவற்றைத் திருடும்படி எழுதப்பட்டிருந்தது. அதோடு நிற்கவில்லை. கணினியில் இருக்கும் மற்ற ஜார் கோப்புகளைத் தேடிப் பிடித்து அவற்றுக்குள்ளும் புகுந்துகொண்டது. அதை முதலில் கண்டுபிடித்து, ஆராய்ந்து, கண்டறியும் கருவிகளை எழுதிக் கொடுத்ததில் பெரும் பங்கு மோட் உலகின் தன்னார்வலர்களுக்கு உண்டு.

அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று இன்னொன்று. ‘ஸ்லே தி ஸ்பயர்’ விளையாட்டுக்கான ‘டவுன்ஃபால்’ என்ற மோடை உருவாக்கியவர்களின் கணக்கைக் கைப்பற்றி, ஸ்டீம் வழியாகவே கடவுச்சொல் திருடும் நிரலை அப்டேட் போல அனுப்பினார்கள்.

இரண்டு சம்பவத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் கண்ட இடத்தில் இறக்கியவர்கள் இல்லை. பெயர் பெற்ற இடத்தில் இறக்கியவர்களும் மாட்டினார்கள். நல்ல தளத்தைத் தேர்ந்தெடுப்பது அவசியம். அது மட்டும் போதாது. அதனால்தான் கீழே சொல்லும் ஒழுங்கு தேவைப்படுகிறது.

மோட் போடும் முன் செய்ய வேண்டியவை

ஒன்று: கேமுக்குத் தனிப் பயனர் கணக்கு. விண்டோஸில் நிர்வாகி உரிமை இல்லாத ‘ஸ்டாண்டர்ட்’ கணக்கு ஒன்றைத் திறந்து, விளையாட்டை அதில் மட்டும் ஓட்டுங்கள். மோடுக்கு உங்கள் உரிமைதான் உண்டு என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கணக்கில் அம்மாவின் வங்கி விவரம் இல்லையென்றால் திருட வந்தவனுக்கு அங்கே எடுக்க ஒன்றும் இருக்காது. பத்து நிமிட வேலை. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இரண்டு: நகல். மைன்கிராஃப்ட்டில் உலகத்தைத் தேர்ந்தெடுத்து ‘எடிட்’ அழுத்தினால் ‘மேக் பேக்கப்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உலகம் முழுவதும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படும். இல்லையென்றால் கேமின் ஃபோல்டருக்குள் ‘சேவ்ஸ்’ என்பதைத் திறந்து, உங்கள் உலகத்தின் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்கு நகல் எடுங்கள். நகலுக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். ‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’ என்று பெயர் வைத்தால் மறு மாதம் உங்களுக்கே தெரியாது.

மூன்று: மோட்களுக்குத் தனி இடம். பிரிசம் லாஞ்சர், மோட்ரிந்த் ஆப் போன்றவற்றில் ஒவ்வொரு மோட் தொகுப்புக்கும் தனி அறை மாதிரி ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். ஓர் அறையில் குழப்பம் வந்தால் மற்ற அறை அப்படியே இருக்கும். மோட் இல்லாத அசல் கேமை எப்போதும் ஓர் அறையில் தொடாமல் வையுங்கள். சிக்கல் வரும்போது, கோளாறு கேமிலா மோடிலா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

நான்கு: பொருத்தம் பார்த்தல். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். மோடுக்கு மூன்று போதும். முதலாவது, கேமின் பதிப்பு எண். 1.20.1க்கு எழுதியது 1.21இல் ஓடும் என்று நம்ப வேண்டாம். இரண்டாவது, லோடர். மோட்களைக் கேமுக்குள் ஏற்றிவிடும் அடிப்படைக் கருவி அது. ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ், ஃபேப்ரிக் என்று பல உண்டு. ஃபேப்ரிக்குக்கு எழுதிய மோட் ஃபோர்ஜில் ஓடாது. மூன்றாவது, துணை மோட். பல மோட்கள் இன்னொரு மோடை நம்பி இருக்கும். ஃபேப்ரிக்கில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஃபேப்ரிக் ஏபிஐ’ வேண்டும். இவை மூன்றும் மோடின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். படிக்கப் பொறுமைதான் வேண்டும்.

ஐந்து: வாசலில் விசாரணை. மோடை எழுதியவர் தாமே வெளியிட்ட பக்கத்தில் மட்டும் இறக்குங்கள். மோட்ரிந்த், கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற இடங்களில் எழுதியவர் பெயர், கடைசியாக மாற்றிய தேதி, எத்தனை பேர் இறக்கினார்கள் என்பது எல்லாம் தெரியும். நேற்றுத் தொடங்கிய கணக்கு, பத்துப் பேர்கூட இறக்காத கோப்பு என்றால் கொஞ்ச நாள் பொறுத்திருங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

கோப்பின் கடைசி எழுத்துகளையும் பாருங்கள். விண்டோஸ் இயல்பாக அதை மறைத்து வைக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பகுதிக்குப் போய், கோப்புப் பெயரின் பின்னொட்டைக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். மைன்கிராஃப்ட் மோட் ஜார் கோப்பாக வரும். லோடரின் நிறுவிக் கோப்பு வேறு விதமாக இருக்கலாம். ஆனால் ஒரு சாதாரண மோட் ‘இஎக்ஸ்இ’ என்று முடிந்தால் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ‘வைரஸ்டோட்டல்’ தளத்தில் ஏற்றுங்கள். எழுபதுக்கும் மேற்பட்ட வைரஸ் தடுப்புக் கருவிகளைக் கொண்டு அது சோதிக்கும். எல்லாம் பச்சையாக வந்தால் ஓரளவு நிம்மதி, முழு உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தம் புதிய திருட்டு நிரல் சில நாள் யார் கண்ணிலும் படாமல் இருக்கும்.

மூன்று வார்த்தைகளைக் கேட்டால் உடனே விலகிவிடுங்கள். “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடு.” “நான் செஞ்ச கேம், டெஸ்ட் பண்ணிப் பாரேன்” என்று டிஸ்கார்டில் வரும் செய்தி, உங்கள் நண்பர் பெயரில் வந்தாலும் சரி, அவர் கணக்கே திருடப்பட்டிருக்கலாம். மூன்றாவது, போனில் போட ‘மோட் ஏபிகே’ என்று அனுப்பும் இணைப்பு. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் ஏபிகே வழியாக வங்கிப் பணத்தை இழந்தவர்கள் நம் நாட்டில் பலர்.

கேம் திறக்கவில்லையா?

முதலில் பதறாதீர்கள். கண்டபடி அழிக்காதீர்கள். கேம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். ஃபேப்ரிக்காக இருந்தால், இந்த மோடுக்கு இன்ன மோட் வேண்டும், அது இல்லை என்று பெயரோடு திரையிலேயே காட்டும். வகுப்புக்கு வரும் புகார்களில் பல, அந்த இரண்டு வரியை நிதானமாகப் படித்தாலே தீர்ந்துவிடும். ஆங்கிலம் என்பதால் பயந்து மூடிவிடுகிறார்கள்.

அப்படி எதுவும் காட்டாமல் கேம் மூடிக்கொண்டால், கேமின் ஃபோல்டரில் ‘கிராஷ் ரிப்போர்ட்ஸ்’ என்ற இடத்தைத் திறந்து கடைசித் தேதிக் கோப்பைப் பாருங்கள். அது இல்லையென்றால் ‘லாக்ஸ்’ ஃபோல்டரில் ‘லேட்டஸ்ட்’ என்ற கோப்பு. நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். எல்லாம் புரிய வேண்டியதில்லை. ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் வரிகளைத் தேடி, அதன் அருகே உங்கள் மோட் எதனுடைய பெயராவது வருகிறதா என்று பாருங்கள். அந்த மோட்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். விசாரணையை அங்கிருந்து தொடங்கலாம்.

பெயர் எதுவும் கிடைக்கவில்லையா? பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். நாற்பது மோட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நாற்பது முறை கேமைத் திறக்க வேண்டி வரலாம். அதற்குப் பதிலாக இருபதை வெளியே வைத்துத் திறங்கள். கேம் ஓடினால் கோளாறு வெளியே வைத்த இருபதில் இருக்கிறது. ஓடவில்லை என்றால் உள்ளே இருப்பதில். அடுத்து பத்து, பிறகு ஐந்து. அதிகம் போனால் ஆறு முறையில் ஆளைப் பிடித்துவிடலாம். ஒரே ஒரு கவனம்: ஃபேப்ரிக் ஏபிஐ போன்ற துணை மோட்களை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் அதை நம்பியிருக்கும் மற்றவை எல்லாம் விழுந்து, விசாரணை திசைமாறிவிடும். இந்தச் சோதனையை உங்கள் உலகத்தின் நகலில் அல்லது புதிதாகத் திறந்த வெற்று உலகத்தில் செய்யுங்கள். அசலில் செய்யாதீர்கள்.

சில சமயம் முதல் பாதியும் தனியாக ஓடும், இரண்டாம் பாதியும் தனியாக ஓடும், சேர்த்தால் விழும். அப்படியானால் இரண்டு மோட்களுக்குள் சண்டை. உதாரணம், ஆப்டிஃபைனும் சோடியமும். இரண்டுமே திரையில் படம் வரையும் பகுதியை மாற்றி எழுதுபவை. ஒரே வேலைக்கு இரண்டு தலைவர் என்றால் சங்கத்திலும் இதுதான் நடக்கும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

கேம் திறக்கிறது, ஆனால் இழுத்து இழுத்து ஓடுகிறது, நினைவகம் போதவில்லை என்கிறது என்றால், லாஞ்சரின் அமைப்பில் கேமுக்கு ஒதுக்கிய நினைவகத்தைப் பாருங்கள். 8 ஜிபி உள்ள கணினியில் கேமுக்கு 4 ஜிபி கொடுக்கலாம். எட்டையும் கொடுத்தால் விண்டோஸுக்கு மூச்சு விட இடம் இருக்காது, முன்பைவிட மோசமாகும்.

வேறு யாரிடமாவது உதவி கேட்கும்போது கடைசி வரியை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். முழு லாக் கோப்பையும் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரு முறை கண்ணோட்டம் விடுங்கள். உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் அதில் இருக்கலாம்.

மோடை எடுப்பதிலும் கவனம்

சேர்ப்பதைவிட எடுப்பது ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் வகுப்புக்கு வரும் படிவம் 4 மாணவர் ஒருவர், மாதக்கணக்கில் உட்கார்ந்து மைன்கிராஃப்ட்டில் ஓர் ஆலயம் கட்டியிருந்தார். ஐந்து நிலை ராஜகோபுரம், வசந்த மண்டபம், தெப்பக்குளம் எல்லாம் உண்டு. தூண்களுக்கும் விளக்குகளுக்கும் ஓர் அலங்கார மோடைப் பயன்படுத்தியிருந்தார். கேமை அப்டேட் செய்த பிறகு அந்த மோட் ஓடவில்லை. கேம் திறந்தால் போதும் என்று மோடை எடுத்துவிட்டு உலகத்துக்குள் போய்ச் சுற்றிப் பார்த்திருக்கிறார்.

“அண்ணே, கோபுரம் நிக்குது. தூணு ஒண்ணுகூட இல்ல.”

மோடைத் திரும்பப் போட்டும் தூண்கள் வரவில்லை. காரணம் இதுதான். அந்தத் தூண் என்றால் என்ன என்பது அந்த மோடுக்கு மட்டுமே தெரியும். மோட் இல்லாமல் உலகத்தைத் திறந்தால், கேம் அந்தக் கட்டிகளை அடையாளம் தெரியாமல் வெற்றிடமாக மாற்றி, அப்படியே சேமித்துவிடும். சேமித்த பிறகு மோட் வந்தாலும் அங்கே ஒன்றும் இல்லை. நல்ல வேளை, மடிக்கணினி மாற்றியபோது அவருடைய அக்கா பழைய கோப்புகளை எல்லாம் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தார். மூன்று வார வேலை மட்டும் போனது. அந்தப் பென்டிரைவ் இல்லாவிட்டால் தூண்கள் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே புதிய கட்டி, புதிய பொருள், புதிய உயிரினம் சேர்க்கும் மோடை எடுக்க வேண்டுமானால் முதலில் நகல். அதற்குப் பிறகு நகலைத் திறந்து சுற்றிப் பாருங்கள். கேமை அப்டேட் செய்யும்போதும் இதே ஒழுங்கு. உங்கள் மோட்கள் எல்லாம் புதிய பதிப்புக்கு வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே பதிப்பை மாற்றுங்கள்.

திருட்டு நிரல் நுழைந்துவிட்டால்

டிஸ்கார்டில் நீங்கள் அனுப்பாத செய்தி போகிறது, தெரியாத ஊரிலிருந்து கணக்கில் யாரோ நுழைந்ததாக மின்னஞ்சல் வருகிறது, வைரஸ் தடுப்பு கத்துகிறது. இப்படி ஏதாவது நடந்தால் முதல் வேலை, இணைய இணைப்பைத் துண்டியுங்கள்.

இரண்டாவது, அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். உடனே. திட்டு விழும் என்று பயந்து ஒரு நாள் மறைத்தால் அந்த ஒரு நாள் திருடனுக்குக் கிடைத்த நேரம். இதை வாசிக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை தானே வந்து சொன்னால் அன்றைக்குத் திட்டாதீர்கள். வேலையை முடித்துவிட்டு நாளைக்குப் பேசலாம்.

மூன்றாவது, வேறொரு சுத்தமான போனிலிருந்தோ கணினியிலிருந்தோ கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலில், மற்ற கணக்குகளுக்கு எல்லாம் அதுதான் சாவி. கடவுச்சொல்லை மாற்றுவதோடு, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். இத்தகைய நிரல்கள் பிரவுசரின் ‘குக்கி’களைத் திருடுகின்றன. ஏற்கெனவே திறந்த கதவின் வழியே நுழைவது போல, கடவுச்சொல் கேட்காமலே அவற்றால் உள்ளே போக முடியும். வெளியேற்றினால்தான் கதவு மூடும். பிறகு இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

நான்காவது, அந்தக் கணினியில் வங்கி விவரம் இருந்திருந்தால் வங்கியை உடனே அழையுங்கள். பணம் போயிருந்தால் மலேசியாவில் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்கலாம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 1799.

கடைசியாக, கணினியைச் சுத்தம் செய்வது. மோடை மட்டும் அழித்தால் போதாது. ஃபிராக்சரைசர் மற்ற ஜார் கோப்புகளுக்குள் புகுந்ததைப் பார்த்தோம். புகைப்படங்கள், பாடக் கோப்புகள், உலகங்களின் நகல் ஆகியவற்றைத் தனியே எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நிம்மதியான வழி. மோட்களை நகல் எடுக்காதீர்கள். அவற்றை அசல் பக்கத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

இந்த மாதப் பயிற்சி

வீட்டில் செய்துவிட்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.

1. கேமுக்கு என்று தனி விண்டோஸ் கணக்கைத் திறங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.
2. உங்களுக்குப் பிடித்த உலகம் ஒன்றைத் தேதியோடு நகல் எடுங்கள். எடுத்த நகலைத் திறந்து, உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.
3. இப்போது உங்களிடம் உள்ள மோட்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எழுதியவர் யார், எங்கே இறக்கினீர்கள், எந்தப் பதிப்புக்கு உரியது என்று குறியுங்கள். குறிக்க முடியாத மோட் இருந்தால், முதலில் நகல் எடுங்கள். பிறகு அதை வெளியே வையுங்கள்.
4. கலந்துரையாட: ஒருவர் மாதக்கணக்கில் உழைத்து இலவசமாகக் கொடுத்த மோடை, இன்னொருவர் தன் பெயரில் மறுபடி வெளியிடுகிறார். அதை இறக்குவது பாதுகாப்பா? அது நியாயமா? இந்த இரண்டு கேள்விக்கும் தொடர்பு உண்டா?

நான்காவது கேள்விக்கு ஆளுக்கொரு பதிலோடு வாருங்கள். பென்டிரைவையும் மறக்க வேண்டாம்.